மருத்துவம் கடன் வாங்கிய சொற்கள்

இயற்பியல் வகுப்பில் நீங்கள் படிக்கும் சொற்களுள் சில, மணி அடித்ததும் உங்களோடு சேர்ந்து வெளியே போய்விடுகின்றன. அழுத்தம், இழுவிசை, தகைவு, கலோரி ஆகியவை அப்படிப்பட்டவை. மருத்துவர் எழுதித் தரும் சீட்டிலும், பிஸ்கட் பொட்டலத்தின் முதுகிலும், பரீட்சைக்கு முதல் நாள் உங்கள் வீட்டுப் பேச்சிலும் அவற்றைக் காணலாம். போன இடத்தில் அவை பழைய பொருளோடுதான் இருக்கின்றனவா? சில இடங்களில் ஆம். சில இடங்களில் இல்லை. எது எங்கே மாறியது என்று தெரியாமல் போனால், தேர்வில் இரண்டு மதிப்பெண் குறைவதோடு போகாது. மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களும், பட்டினி கிடந்து மெலிய முயல்கிறவர்களும், நோயை நோயென்று அறியாமல் துன்பப்படுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே இச்சொற்களுக்குரிய வரையறைகளைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் கலோரி. ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பம் ஒரு கலோரி. இது உங்களுக்குப் பாடம். இப்போது ஒரு கணக்கு. ஒரு தம்ளர் ஐஸ் நீர், அதாவது 0 டிகிரியில் உள்ள 250 கிராம் நீர் குடிக்கிறீர்கள். உங்கள் உடல் அதை 37 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். 250-ஐ 37-ஆல் பெருக்கினால் 9,250 கலோரி! உட்கார்ந்து வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு 2,110 கலோரி உணவு போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் கணித்திருக்கின்றன. அப்படியானால் ஒரு தம்ளர் ஐஸ் நீர், நான்கு நாள் உணவை எரித்துத் தீர்த்துவிடுமே! உடம்பு இளைக்க இதைவிட எளிய வழி உண்டா?

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களிடம் இக்கணக்கைக் கொடுத்தால் பெருக்கலில் தவறு தேடுவார்கள். பெருக்கலில் தவறில்லை. கலோரி என்ற பெயரில் இரண்டு அலகுகள் உண்டு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

பாரிசில் நிக்கலா க்ளெமான் என்பவர் 1820-ஆம் ஆண்டை ஒட்டித் தம் விரிவுரைகளில் இச்சொல்லை வழங்கியபோது, ஒரு கிலோகிராம் நீரை 1 டிகிரி உயர்த்தும் வெப்பத்தையே கலோரி என்றார். பின்னர் ஆய்வுக்கூடங்களில் கிராம் கணக்கு வசதியாக இருந்தது. அதற்கும் அதே பெயரை வைத்துக்கொண்டார்கள். ஊட்டச்சத்து நூல்களில் வருவது பெரிய கலோரி. நம் பாடநூலில் வருவது சிறிய கலோரி. ஒன்று மற்றதைப்போல் ஆயிரம் மடங்கு! ஆங்கிலத்தில் பெரியதற்குப் பெரிய எழுத்தும் சிறியதற்குச் சிறிய எழுத்தும் போட்டுச் சமாளிக்கப் பார்த்தார்கள். தமிழில் பெரிய எழுத்து ஏது? எனவே நமக்குக் கிலோகலோரி என்று முழுதாகச் சொல்வதே உத்தமம். பொட்டலங்களிலும் அப்படித்தான் அச்சிடுகிறார்கள். பேச்சில்தான் 'கிலோ' உதிர்ந்துவிடுகிறது. அந்தத் தம்ளர் நீர் எரித்தது 9.25 கிலோகலோரி. ஒரு கிராம் கொழுப்பு தருவது 9 கிலோகலோரி. ஆக, ஐஸ் நீரின் பலன் கால் தேக்கரண்டி எண்ணெய்க்கும் குறைவு.

அடுப்புக்கும் வயிற்றுக்கும் ஒரே அலகு எப்படிப் பொருந்திற்று என்று நீங்கள் கேட்கலாம். 1782-83 குளிர்காலத்தில் லவாய்சியரும் லாப்லாசும் செய்த சோதனையில் இதற்கு விடை உண்டு. கினிப்பன்றி என்னும் சிறு விலங்கை ஒரு கூண்டில் வைத்துச் சுற்றிலும் பனிக்கட்டியை அடுக்கினார்கள். வெளி வெப்பம் உள்ளே புகாதபடி அதற்கு வெளியே இன்னொரு பனிக்கட்டிச் சுற்று. உருகி வழிந்த நீரை அளந்தால், அந்த விலங்கு வெளியிட்ட வெப்பம் தெரிந்துவிடும். அது வெளிவிட்ட கரியமில வாயுவையும் அளந்தார்கள். அதே அளவு கரியமில வாயு உண்டாகும்படி கரியை எரித்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகும் என்றும் பார்த்தார்கள். இரண்டு அளவுகளும் ஏறத்தாழ நெருங்கி வந்தன. மூச்சு விடுதல் என்பது மெதுவாக நடக்கும் ஓர் எரிதல் என்று லவாய்சியர் முடிவு செய்தார். கினிப்பன்றிக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. லவாய்சியருக்குத்தான் பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794-இல், தலை போயிற்று.

ஒரு நூற்றாண்டு கழித்து அமெரிக்காவில் அட்வாட்டர் என்பவர், மனிதர் ஒருவர் சில நாட்கள் உண்டு உறங்கி வேலை செய்யத்தக்க ஓர் அறையையே வெப்ப அளவியாக அமைத்தார். உள்ளே போன உணவு, வெளியே வந்த கழிவு, வெளியேறிய வெப்பம் ஆகிய எல்லாவற்றையும் அளந்தார். ஒரு கிராம் மாவுப்பொருளுக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 கிலோகலோரி என்று நீங்கள் மனப்பாடம் செய்யும் எண்கள் அவருடைய ஆய்வுகளின் பயன். இங்கு ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். புரதத்தை ஆக்சிஜன் நிரம்பிய எஃகுக் கலத்தில் வைத்து முழுதாக எரித்தால் கிராமுக்கு 5½ கிலோகலோரிக்கு மேல் கிடைக்கும். உடலில் அது முழுதாக எரிவதில்லை. நைட்ரஜன் பகுதி யூரியாவாகச் சிறுநீரில் போய்விடுகிறது. வைக்கோலும் நன்றாக எரியும். ஆனால் வைக்கோல் நமக்கு உணவாகுமா? மாட்டுக்கு ஆகும். ஆகவே உணவின் கலோரி என்பது 'எரித்தால் வருவது' அல்ல; 'இந்த உடலுக்குக் கிட்டுவது'. இயற்பியல் வரையறைக்கும் ஊட்டச்சத்து வரையறைக்கும் இடையே உள்ள வேறுபாடு இதுதான்.

2,110 கிலோகலோரியை ஜூலாக்கி, ஒரு நாளுக்குரிய 86,400 வினாடிகளால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 102 வாட் வரும். பழைய குண்டு பல்பு ஒன்றின் திறன்தான் மனிதனின் திறன்! ஐம்பது பேர் அடைந்து கிடக்கும் தேர்வுக் கூடம் ஏன் புழுங்குகிறது என்பது இப்போது விளங்கும். ஒருவருக்கு 80 வாட் என்று குறைத்துக் கொண்டாலும், அங்கே நான்கு இஸ்திரிப் பெட்டிகள் ஓயாமல் சுட்டுக்கொண்டிருக்கின்றன.

50 கிலோ எடையுள்ள நீங்கள் 10 மீட்டர் உயரத்துக்கு மாடிப்படி ஏறினால் செய்யும் வேலை 4,900 ஜூல், அதாவது 1.2 கிலோகலோரிக்குச் சற்றுக் குறைவு. தசைகள் உண்ட ஆற்றலில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுவதால், சுமார் 5 கிலோகலோரி செலவாகும் எனக் கொள்ளலாம். ஒரு சிறிய பிஸ்கட் 20 கிலோகலோரிக்கு மேல் தரும். ஒரு பிஸ்கட்டுக்கு நான்கு தடவை மூன்று மாடி ஏறி இறங்க வேண்டும்! வளரும் வயதிலுள்ள நீங்கள் இக்கணக்கைப் பார்த்துச் சாப்பாட்டைக் குறைத்துவிட வேண்டாம். ஓடாமல் ஆடாமல் சும்மா படுத்திருக்கும்போதே, இதயமும் மூளையும் ஈரலும் நடக்கவே பெரும்பங்கு ஆற்றல் செலவாகிவிடுகிறது என்பதைத்தான் இக்கணக்கு காட்டுகிறது.

இந்தச் சொல்லுக்கு அரசாங்கக் கோப்புகளிலும் இடம் உண்டு. 1979-இல் இந்தியத் திட்டக் குழு அமைத்த ஒரு பணிக்குழு, கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 2,400, நகரத்தில் 2,100 கிலோகலோரி உணவு கிடைக்கும் அளவுக்குச் செலவு செய்ய இயலாதவர்களே வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் என்று வரையறுத்தது. 1973-74 விலைவாசியில் அது கிராமத்தில் மாதம் சுமார் 49 ரூபாய், நகரத்தில் 57 ரூபாய். யார் ஏழை என்ற கேள்வியை ஒரு வெப்ப அலகு தீர்மானித்தது! 2009-இல் டெண்டுல்கர் குழு கலோரியை அளவுகோலாகக் கொள்ளும் முறையைக் கைவிட்டது. மனிதனுக்குப் பள்ளிக்கூடமும் மருந்தும் துணியும் வேண்டுமல்லவா?

இனி, அழுத்தம். இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

1733-இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் ஒரு நூல் வெளியிட்டார். பெண் குதிரை ஒன்றைக் கட்டிப் படுக்க வைத்து, அதன் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நெடிய கண்ணாடிக் குழாயை இணைத்ததை அதில் விவரித்திருக்கிறார். வளைந்து கொடுக்கும் இணைப்புக்கு ரப்பர் குழாய் ஏது அக்காலத்தில்? வாத்தின் மூச்சுக்குழலைப் பயன்படுத்தினார்! கண்ணாடிக் குழாயில் இரத்தம் இதயத்தின் மட்டத்துக்கு மேல் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. இரத்தத்தின் ஒப்படர்த்தி 1.06 என்று கொண்டு கணக்கிட்டால் அது 196 மி.மீ. பாதரசத்துக்குச் சமம். கட்டிப் போட்ட குதிரை மிரண்டு போயிருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

எட்டடிக் குழாயோடு மருத்துவர் நடமாட முடியாது. நீரைப்போல் 13.6 மடங்கு அடர்த்தியுள்ள பாதரசத்தை 1828-இல் புவாசேய் பயன்படுத்தினார். திரவங்களின் பாகுநிலைப் பாடத்தில் நீங்கள் சந்திக்கும் அதே புவாசேய்தான். அவர் மருத்துவம் படித்தவர். குழாய் குறுகிற்று, ஆனாலும் தமனியைக் குத்தத்தான் வேண்டியிருந்தது. 1896-இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி, கையைச் சுற்றி ரப்பர் பையைக் கட்டிக் காற்றடிக்கும் முறையைக் கண்டார். முதற் கருவிக்கு அவருக்கு உதவியது சைக்கிள் ட்யூப். 1905-இல் ரஷ்ய அறுவை மருத்துவர் கோரட்காஃப் அதோடு ஸ்டெதஸ்கோப்பையும் சேர்த்தார்.

இந்த முறையில் என்ன நடக்கிறது? பையின் அழுத்தம் தமனியின் அழுத்தத்தை மிஞ்சும்போது தமனி நசுங்கி இரத்த ஓட்டம் நிற்கிறது, ஒலி இல்லை. காற்றை மெல்ல விடுகிறோம். இதயம் சுருங்கும் நேரத்து உச்ச அழுத்தம் பையின் அழுத்தத்தைச் சற்று மிஞ்சியதும், இரத்தம் பீறிட்டுச் சுழித்து ஓடி 'டப்' என்று ஒலிக்கிறது. அப்போதைய அளவு மேல் எண். மேலும் காற்றை விட, தமனி எந்நேரமும் திறந்தே இருக்கும் நிலை வருகிறது. ஓட்டம் சீராகி ஒலி மறைகிறது. அது கீழ் எண். 120/80 என்று எழுதுவது பின்னமன்று. இரண்டு தனித்தனி எண்கள். இவை இரண்டும் வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்ட மிகுதி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முழு அழுத்தம் வேண்டுமானால் 760-ஐக் கூட்ட வேண்டும். பாதரசக் கருவிகளின் உற்பத்தியை உலகெங்கும் படிப்படியாக நிறுத்த 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை வந்தது. கருவியிலிருந்து பாதரசம் போனாலும் அலகில் அது நிலைத்துவிட்டது.

அளக்கும்போது கை ஏன் இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும்? திரவத் தம்பத்தின் பாடத்தை நினையுங்கள். கை 10 செ.மீ. கீழே தொங்கினால், அந்த 10 செ.மீ. இரத்தத் தம்பம் ஏறத்தாழ 8 மி.மீ. பாதரச அழுத்தத்தைக் கூடுதலாகக் காட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு அளக்கும்போது கையை மேசைமேல் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எட்டு மில்லிமீட்டர் சிறிய தொகையா என்பது அடுத்த பத்தியில் தெரியும்.

எவ்வளவு இருந்தால் நோய்? வெவ்வேறு இரண்டு நாட்களில் அளந்து, மேல் எண் 140 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் எண் 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு நாட்கள் ஏன்? மருத்துவரின் வெள்ளை அங்கியைப் பார்த்ததுமே சிலருக்கு அழுத்தம் ஏறிவிடுகிறது. 2017 நவம்பரில் அமெரிக்க இதயநோய்ச் சங்கங்கள் தம் எல்லையை 130/80 என்று இறக்கின. அந்நாட்டு வயது வந்தோரில் சுமார் மூன்றில் ஒரு பங்காக இருந்த நோயாளிகள் தொகை, ஒரே நாளில் பாதியை நெருங்கிவிட்டது! யாருடைய தமனியிலும் எதுவும் மாறவில்லை, வரையறைதான் மாறிற்று. நீரின் கொதிநிலையைப் போல இயற்கை வகுத்த கோடன்று இது. அழுத்தம் ஏற ஏறப் பக்கவாதமும் மாரடைப்பும் வரும் வாய்ப்பு படிப்படியாகக் கூடுகிறது. எங்கே கோடு கிழித்தால் மருந்தின் நன்மை மிகுதி என்று மனிதர் கூடி முடிவு செய்கிறார்கள்.

கொதிநிலை என்றதும் நம் ஊர்ப் பேச்சு நினைவுக்கு வருகிறது. இதை 'இரத்தக் கொதிப்பு' என்கிறோம். இரத்தம் கொதிப்பதில்லை. நோயுள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் அது ஏறத்தாழ 37 டிகிரியிலேயே இருக்கிறது. ஆனால் கொதிப்பு என்ற சொல் கோபத்தை நினைவூட்டுகிறது. ஆங்கிலப் பெயரோ இன்னும் மோசம்: ஹைப்பர்டென்ஷன். டென்ஷன் என்றால் மனப் பதற்றம் என்று நாம் பழகிவிட்டோம். இலத்தீனில் அதற்கு நீட்டி இழுத்தல் என்றுதான் பொருள். நீங்கள் இழுவிசை என்று படிப்பது அதுவே. உருளை வடிவக் குழாயின் சுவரில் தோன்றும் இழுவிசை, அழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கியதற்குச் சமம். இதைச் சொன்னவர் பனிக்கட்டி அடுக்கிய அதே லாப்லாஸ்! தமனிச் சுவரின் விறைப்புக்கு வைத்த பெயர், மனத்தின் விறைப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டுவிட்டது.

இதன் விளைவு என்ன? "எனக்கு ஒரு டென்ஷனும் இல்லை, பிள்ளைகள் எல்லாம் நல்லபடியாக இருக்கிறார்கள், மாத்திரை எதற்கு?" என்று சொல்லும் தாத்தா பாட்டிகளை நீங்கள் பார்த்திருக்கலாம். சாந்தமாகச் சிரித்துப் பேசுகிறவருக்கும் 170/100 இருக்கக்கூடும். தலைவலியோ மயக்கமோ எச்சரிக்கையாக வரும் என்று காத்திருப்பதும் வீண். பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. 30 முதல் 79 வயது வரை உள்ளவர்களில் உலகெங்கும் 128 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு என்றும், அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அது தெரியவே தெரியாது என்றும் 2021-இல் வெளியான கணக்கு கூறுகிறது. மாத்திரை சாப்பிடும்போது அழுத்தம் சரியாக இருக்கிறதென்றால் நோய் போய்விட்டது என்று பொருளல்ல. மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள். உப்பைக் குறைப்பதும் அப்படியே தொடர்ந்து செய்ய வேண்டியது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கும் இந்த அளவில் ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்தி!

மனத்துக்கு வருவோம். கம்பியில் எடையைத் தொங்கவிடும்போது ஓரலகு பரப்பில் செயல்படும் விசை தகைவு. அதனால் கம்பிக்கு நேரும் நீட்சி வீதம் திரிபு. தகைவுக்கும் அழுத்தத்துக்கும் அலகு ஒன்றே: பாஸ்கல். 1936-இல் மான்ட்ரியலிலிருந்து ஹான்ஸ் செல்யே, எலிகளைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். குளிர், காயம், நச்சு என எது தாக்கினாலும் எலியின் உடலில் ஒரே வகை மாறுதல்கள் தோன்றின: அட்ரினல் சுரப்பி பெருத்தது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் கண்டது. இதற்குப் பின்னர் அவர் எடுத்தாண்ட சொல்தான் ஸ்ட்ரெஸ், நம் பாடத்தில் தகைவு. தாக்கும் விசைக்கு உரிய சொல்லைத் தாக்குண்ட உடலின் நிலைக்குச் சூட்டிவிட்டார். தமக்கு ஆங்கிலம் இன்னும் நன்றாகத் தெரிந்திருந்தால் திரிபைக் குறிக்கும் சொல்லையே எடுத்திருப்பேன் என்று அவர் பின்னாளில் சொன்னதாகக் கூறுவர்.

தமிழில் இது மேலும் சிக்கலாகிவிட்டது. ஸ்ட்ரெஸ் என்பதையும் மன அழுத்தம் என்கிறோம். டிப்ரெஷன் என்னும் நோயையும் அதே பெயரால் சொல்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. பின்னதை மனச்சோர்வு நோய் என்று பிரித்துச் சொல்வதே நல்லது என்பது என் கருத்து. கணக்குத் தேர்வுக்கு முதல் நாள் வயிற்றைக் கலக்குவது முன்னது. தேர்வு முடிந்த மாலையே அது இறங்கிவிடும். மனச்சோர்வு நோய்க்கு மருத்துவர்கள் தனி வரையறை வைத்திருக்கிறார்கள். துயர மனநிலை, அல்லது எதிலும் நாட்டமின்மை, இவற்றுள் ஒன்றாவது ஏறக்குறைய நாள் முழுதும், ஏறக்குறைய எல்லா நாளும், குறைந்தது இரண்டு வாரம் நீடிக்க வேண்டும். கூடவே உறக்கம் கெடுதல், பசி மாறுதல், களைப்பு, கவனம் நிலைக்காமை, தன்மேல் ஓயாத குற்ற உணர்வு, சாவைப் பற்றிய எண்ணம் போன்றவையும் சேரும். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு ஒன்பது அறிகுறிகளுள் ஐந்தாவது இருக்க வேண்டும் என்கிறது.

மனத்துக்குப் பாதரசத் தம்பம் கிடையாது. அதனால்தான் இங்கே நாட்காட்டி அளவுகோலாகிறது. 'இரண்டு வாரம்' என்ற அந்தச் சொற்களுக்காகவே இந்த வரையறையை உங்களிடம் சொல்ல விரும்பினேன். ஒரு நண்பன் மூன்று வாரமாகப் பந்தாட வரவில்லை, வகுப்பில் எழுப்பினால்தான் எழுகிறான், முன்பு ஆசையோடு செய்ததை இப்போது தொடுவதில்லை என்றால், அவனைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது. கம்பியின் உவமை இங்கே உதவாது. கம்பிக்கு வாயில்லை, நண்பனுக்கு உண்டு. அவனிடம் பேசுங்கள்; அவன் வீட்டாரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மனாஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலேயே பதில் சொல்வார்கள்.